பேத்தா சாலைக்குப் பொறுப்பானவர்களுக்கு

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் எண்டாவ்-ரொம்பின் காட்டுப் பூங்காவையும், கஹாங் ஊரிலிருந்து பூங்கா ஓரத்துப் பேத்தா கிராமத்துக்குப் போகும் மண்சாலையையும், சாலை முடியும் இடத்தில் ஓடும் ஆற்றையும் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும் எல்லா அலுவலகத்தாருக்கும் வணக்கம்.

யார் பெயரையும் போடவில்லை. மரியாதைக்காக விட்டேன் என்று நினைக்க வேண்டாம், யார் பெயரைப் போடுவது என்று தெரியாமல்தான் விட்டேன். சாலை யாருடையது என்று கேட்ட இடத்திலெல்லாம் இன்னோர் இடத்தைக் கைகாட்டினார்கள். தோட்டத்துக்குள் போகும் பகுதி தோட்டக்காரர்கள் பாடு என்றார் ஒருவர், காட்டுக்குள் போகும் பகுதி வேறு துறை என்றார் அடுத்தவர், எங்கள் வேலை பூங்கா வாசலுக்கு உள்ளேதான் என்றார் மூன்றாமவர். ஆகவே மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மடல். உங்களுக்குள் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதையே மலாயில், எண் போட்டு, மேலே விஷயம் கீழே கையெழுத்து என்று முறையாக எழுதி ஏற்கெனவே அனுப்பினேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. மலாயில் எழுதியதற்கே பதிலைக் காணோம், தமிழில் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். போகப்போகிறவர்களாவது படிக்கட்டும் என்றேன். பள்ளி விடுமுறை வந்தால் போதும், ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் கூப்பிட்டு, பேத்தா போகலாமா, எங்கள் காரில் போக முடியுமா, பிள்ளைகளை மூங்கில் தெப்பத்தில் ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையும் உங்களிடம் கேட்பதையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

நான் குளுவாங்கில் இருப்பவன். பிறந்தது பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், இப்போது அங்கே முழுக்கச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. சின்ன வயதில் எங்கள் லயன் வீட்டிலிருந்து பெரிய சாலைக்குப் போக செம்மண் சாலைதான், மழை பெய்தால் பள்ளி லோரி வராது, வராத நாளைப் பிள்ளைகள் நாங்கள் கொண்டாடுவோம். என் பாட்டிக்கு நெஞ்சு வலி வந்த இரவிலும் மழைதான். தோட்டத்து லோரி பாதி வழியில் புதைந்து, நாலு பேர் ஒரு வீட்டுக் கதவைக் கழற்றி அதில் பாட்டியைப் படுக்கவைத்து, முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாட்டி பிழைத்துக்கொண்டாள், அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் இருந்து எல்லோரையும் திட்டினாள். கதவுக்குத்தான் கீல் சரியாக அமையவே இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சகதியில் வண்டி மாட்டிக்கொண்டதைச் சாகசம் என்று படம் பிடித்துப் போடும் கூட்டத்தில் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போன அக்டோபரில் போனோம். நான், என் மகன், சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு நண்பர், அப்புறம் என் தாய்மாமா. மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது, முப்பது வருடம் தோட்டத்து லோரி ஓட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார முடியாமல் எங்கே கூப்பிட்டாலும் வருவார். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் பூங்காவை மூடிவிடுவீர்கள், அதற்குள் போய்விட வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பியது. பதிவு செய்யும்போதே சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஓகே லா, போன வாரம்கூட வேன் போனது" என்றார் தொலைபேசியில் பேசியவர். அவர் யாருடைய ஆள் என்பதைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த வேன் எந்த வேன் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆசை.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் கஹாங். அங்கே இறங்கித் திரும்பினால் கம்போங் பேத்தா வரை ஏறக்குறைய 56 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் ஒரு மணி நேரம் என்று தோன்றும், நல்ல நாளில் ஃபோர் வீல் வண்டிக்கே இரண்டு மணி நேரம் ஆகும். முதலில் செம்பனைத் தோட்டம், முடிவே இல்லாமல், மேடு ஏறினாலும் அதே மரம் இறங்கினாலும் அதே மரம். பிறகு மெல்ல மெல்லக் காடு. முந்தின இரவு மழை பெய்திருந்தது. தோட்டப் பகுதியில் பழக்குலை ஏற்றிய லோரிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரித் தடம் விழுந்திருந்தது, அதில் சக்கரத்தை இறக்கினால் வண்டியின் வயிறு நடு மேட்டில் உட்கார்ந்துகொள்ளும், இறக்காமல் மேட்டிலேயே ஓட்டினால் பக்கவாட்டில் வழுக்கி மறுபடியும் தடத்துக்குள்தான் போய் விழும். எங்கள் ஓட்டுநர் கெட்டிக்காரர். அவராலும் முப்பத்திச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி ஒரு ஏற்றத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாலு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை, சேறு மட்டும் என் நண்பரின் புதுச் சட்டைமீது வந்து உட்கார்ந்தது.

ஒன்றரை மணி நேரம். கைத்தொலைபேசிக்கு அலை இல்லை. எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டி வந்து நின்றது, அதில் ஒன்றில் அந்தக் காட்டின் பூர்வகுடியான ஜக்கூன் இனத்துப் பெண்மணி ஒருவர் கைக்குழந்தையோடு, கஹாங்கிலிருந்து மருந்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். அவர் இறங்கவே இல்லை. குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், மழைக்காக ஒதுங்கி நிற்பவரின் முகம் மாதிரி இருந்தது, கோபம்கூட இல்லை. கடைசியில் தோட்டத்து டிராக்டர் ஒன்று வந்தது.

டிராக்டர் வந்து கயிறு கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மாமா ஒரு வேலை செய்தார், இந்த மடலை எழுதத் தூண்டியது அதுதான். டிராக்டர்காரரிடம் மண்வெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு (ஆமாம், கைலியில்தான் வந்திருந்தார்), ஏற்றத்தின் ஓரமாக நடந்து போய், மண்ணில் மூடிக் கிடந்த ஒரு குழாயின் வாயைத் தோண்டினார். சாலைக்குக் குறுக்கே தண்ணீர் போவதற்காக யாரோ எப்போதோ போட்ட குழாய். வாய் முழுக்கச் செம்பனை மட்டையும் சேறும் அடைத்திருந்தது. அடைப்பை இழுத்துப் போட்டதும் சாலையில் தேங்கியிருந்த தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போனது, பத்து நிமிடத்தில் அந்த இடத்தின் நிறமே மாறிவிட்டது. "சாலைக்கு முதுகு இருக்கணும்டா" என்றார் மாமா. "நடுவில் மேடு, ரெண்டு பக்கமும் சரிவு, ஓரத்தில் தண்ணி ஓடக் கான். தண்ணியை நிற்க விடாமல் அனுப்பிட்டா செம்மண் தார் மாதிரி இறுகிடும். நிற்க விட்டால் நீ கல்லைக் கொட்டினாலும் முழுங்கும். வெள்ளைக்காரன் காலத்துலேயே எங்களுக்குத் தெரியும் இது." மாமா பிறந்த வருடத்தைக் கணக்குப் பார்த்தால் வெள்ளைக்காரன் காலத்தில் அவர் பிறந்தே இருந்தாரா என்பது சந்தேகம், அது போகட்டும்.

அவர் சொன்னது சரி. மண்சாலையை மழை மட்டும் கெடுப்பதில்லை, போக வழியில்லாமல் நிற்கும் தண்ணீரும் அதன்மேல் ஏறும் பாரமும் சேர்ந்துதான் கெடுக்கின்றன. கனமழைக்குப் பிறகு ஒரே ஒரு நாள் பார லோரிகளை நிறுத்திவைத்துச் சாலையை உலர விட்டால் அந்த வாய்க்கால் தடங்களில் பாதி விழாது. அதற்கு ஒரு சங்கிலியும் ஒரு காவலாளியும் போதும். குழாய் வாயைச் சுத்தம் செய்ய ஒரு மண்வெட்டி போதும், முன்னுதாரணம் காட்டியாகிவிட்டது.

அதே சாலையின் இன்னொரு கெடுதலையும் சொல்லிவிடுகிறேன், வண்டியில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு அது தெரியாது. மாமா தோண்டிய குழாய்க்குச் சற்று தூரத்தில் ஒரு சிற்றோடை சாலைக்கு அடியில் போகிறது. மேல் பக்கம் நின்று பார்த்தேன், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். கீழ்ப் பக்கம் வந்து பார்த்தேன், தே தாரிக், பால் தேநீர் நிறம். ஒரு சாலையின் அகலம்தான் இரண்டுக்கும் இடையில். அந்த ஓடை எங்கே போகிறது? ஆற்றுக்கு. சாலையிலிருந்து கழுவிப்போகும் மண் எல்லாம் மீன் முட்டையிடும் சரளைமேல் போய்ப் படிகிறது. பூங்காவுக்குள்ளே ஒரு காகிதத்தைப் போட்டால் அபராதம் என்கிறீர்கள், நல்லது. வாசலுக்கு வெளியே லோரி லோரியாக மண் ஆற்றில் இறங்குகிறதே, அதற்கு யார் யாருக்கு அபராதம் போடுவது?

சரி, ஆற்றுக்கு வருகிறேன்.

பேத்தா ஜக்கூன் மக்களின் ஊர். பூங்கா வருவதற்கு முன்பிருந்தே அவர்கள் அந்த ஆற்றோரங்களில் இருப்பவர்கள், பிரம்பும் கஹாரு என்னும் அகில் கட்டையும் எடுத்தவர்கள். இன்றைக்கு உங்கள் வழிகாட்டிகளும் படகோட்டிகளும் அவர்கள்தான். படகில் ஆற்றை எதிர்த்து முக்கால் மணி நேரம் போனால் கோலா ஜாசின், அங்கிருந்து நடை. உப்பே குலிங் அருவியில் தண்ணீர் பாறையைக் குடைந்து குடைந்து தொட்டி தொட்டியாகச் செய்து வைத்திருக்கிறது, ஆள் படுக்கலாம். அதற்கும் மேலே புவாயா சங்குட், அதாவது சிக்கிக்கொண்ட முதலை. அதுவரை நடக்க மாமாவின் முட்டி இடம் கொடுக்கவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம். வழியெல்லாம் ஒரு விசிறிப் பனை நிற்கிறது, வட்டமான இலை, பாறை மேட்டில் கூட்டம் கூட்டமாக. 1985-86-ல் மலாயா இயற்கைக் கழகம் இந்தக் காட்டுக்கு ஒரு பெரிய ஆய்வுப் பயணம் நடத்தியபோது அறிவியலுக்குத் தெரியவந்த பனை அது, எண்டாவ் ஆற்றின் பெயரையே வைத்தார்கள். என் மகன் அதன் அடியில் நின்று, இதன் இலையைப் பாட்டி வீட்டுக் கூரைக்குப் போடலாம் என்றான். அறிவியல் வகுப்பில் எவ்வளவு மதிப்பெண் வாங்குவான் என்று தெரியவில்லை, தோட்டத்து ரத்தம் மட்டும் மாறவில்லை.

மறுநாள் தெப்பம். அங்கே ராக்கிட் என்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு மூங்கில், குறுக்கே மரம், பிரம்பால் இறுக்கிய கட்டு, இப்போது சில இடங்களில் நைலான் கயிறும் கலந்துகொள்கிறது. மூங்கிலில் கணுவுக்குக் கணு இடைப்பட்டதெல்லாம் தனி அறை, ஒன்று உடைந்தாலும் மற்றதெல்லாம் மிதக்கும். நீருக்குள் அதிகம் இறங்காது, படகின் அடி தட்டும் ஆழத்தில்கூடத் தெப்பம் பாறைமேல் உரசிக்கொண்டு போய்விடும். ஆனால் கீழ்நோக்கித்தான் போகும், திரும்பி வராது. முன்பெல்லாம் வெட்டிய பிரம்பை இப்படித்தான் கீழே கொண்டுபோவார்களாம், தெப்பத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்து ஊர் திரும்புவார்களாம். எங்கள் தெப்பக்காரர் ஐம்பது வயதிருக்கும் மனிதர், அதிகம் பேசவில்லை, நின்றபடி கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினார். இரண்டு பக்கமும் மரங்கள் ஆற்றின்மேல் சாய்ந்து, எங்கேயோ இருவாய்ச்சி பறக்கும் ஓசை, அந்தப் பறவை பறந்தால் ரயில் எஞ்சின் மூச்சு விடுவது மாதிரிக் கேட்கும். நல்ல வெயில்.

திடீரென்று அவர் கழியை ஊன்றித் தெப்பத்தை ஓரத்துக்குத் தள்ளினார். இறங்குங்கள், மேலே ஏறுங்கள் என்றார். எதற்கு என்று நண்பர் கேட்டார், பதில் இல்லை. ஏறினோம். தெப்பத்தை ஒரு வேரில் இரட்டைக் கட்டாகக் கட்டிவிட்டு அவரும் ஏறி வந்து உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வானத்தில் மேகமே இல்லை. சிங்கப்பூர் நண்பர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் கவனித்தோம், ஆற்றில் காய்ந்த இலையும் சுள்ளியும் கொத்துக் கொத்தாக வருகிறது, தண்ணீரின் நிறம் மாறுகிறது, சற்று முன் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாறையைக் காணவில்லை. ஓசையும் மாறிவிட்டது. நாங்கள் இறங்கிய மணல் திட்டு இருந்த இடத்தில் இடுப்பளவுக்குத் தண்ணீர் ஓடியது.

கெப்பாலா ஆயர் என்பார்கள். மேலே மலையில் மழை கொட்டும், கீழே வெயிலடிக்கும். மலை ஓடையில் இலையும் கிளையும் அடைத்துக்கொண்டு தேங்கி, பாரம் தாங்காமல் உடைத்துக்கொண்டு ஒரேயடியாக இறங்கும். இந்த நாட்டில் அருவிக்குக் குளிக்கப் போனவர்கள் எத்தனை பேர் இதில் போயிருக்கிறார்கள் என்பது செய்தி படிக்கும் எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். முதலில் வாசனை மாறியது என்றார், பிறகு ஒரு பச்சை இலை வந்தது என்றார். காய்ந்த இலை எப்போதும் வரும், பச்சை இலை காம்போடு பிய்ந்து வந்தால் மேலே ஏதோ நடக்கிறது. அவ்வளவுதான் விளக்கம்.

இப்போது என் புகாரைக் கேளுங்கள். அன்றைக்குக் காலையிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. இரவு மலைப் பக்கம் மின்னல் வெட்டியதைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார். பின்னே ஏன் எங்களை ஏற்றினீர்கள் என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன், பிள்ளை கூட இருந்தானே. அவர் சிரித்தார். தெப்பம் போனால் காசு. போகாவிட்டால் காசு இல்லை. ஆறு சரியில்லை என்று அவர் சொன்னால் அவருடைய அன்றைய கூலி போய்விடும், ஏற்கெனவே பணம் கட்டிய விருந்தினர் முகத்தைத் தூக்குவார், பதிவு செய்து அனுப்பியவர் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார். ஆக, ஆற்றைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர், ஆற்றைப் படித்துச் சொன்னால் பட்டினி கிடக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பலன் அதேதான்.

ஆற்றில் இறங்காத நாளுக்கும் அவர்களுக்குக் கூலி கொடுங்கள். விருந்தினரிடம் வாங்கும் கட்டணத்திலேயே ஒரு சிறு பங்கை இதற்கென்று ஒதுக்கலாம், இரண்டு ரிங்கிட் கூட வாங்கினால் நாங்கள் செத்துப்போக மாட்டோம். பணம் கட்டும் சீட்டிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்: இன்றைக்கு வேண்டாம் என்று தெப்பக்காரர் சொன்னால் அதுதான் முடிவு, மேல் முறையீடு கிடையாது. மேலே கோலா ஜாசினில் இருக்கும் ஆள் தண்ணீர் ஏறினால் கீழே சொல்ல ஒரு வாக்கி-டாக்கி கொடுங்கள். மிதவைச் சட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை, எங்களுக்குக் கொடுத்த நாலில் ஒன்றுகூடப் பிள்ளைகள் அளவு இல்லை. என் மகன் பதினான்கு வயது, வளர்ந்த பையன், சமாளித்தான். ஆறு வயதுக் குழந்தைக்கு அதை மாட்டியிருந்தால் சட்டை மட்டும் மிதக்கும்.

அன்று சாயங்காலம் கம்போங்கில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வந்த வழியில் பார்த்த கைக்குழந்தை அந்த வீட்டுப் பேரன் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தேன். இந்தச் சாலையைத் தார் போட்டுவிடக் கூடாது, போட்டால் காடு போய்விடும், கண்டவனும் வருவான், கண்ணி வைப்பான், புலி போய்விடும், தாப்பிர் என்னும் காட்டு விலங்கு வண்டியில் அடிபடும். எல்லாம் உண்மைதானே. மலாயாப் புலி காட்டில் 150-க்கும் குறைவு என்று அரசாங்கத்தின் கணக்கெடுப்பே சொல்லிவிட்டது. காண்டாமிருகம் இந்தக் காட்டில் இருந்தது, இப்போது நாட்டிலேயே இல்லை, கடைசி ஒன்று 2019-ல் சபாவில் இறந்தது. பேசி முடிக்கும் வரை அந்த வீட்டுப் பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், "உங்களுக்கு இது ஒரு நாள் சகதி."

எனக்கு மேலே பேச வரவில்லை. மாமா என்னைப் பார்க்கவில்லை, முற்றத்தில் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டியைப் படுக்கவைத்த அந்தக் கதவைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

பெரியவர் சொன்னது இதுதான். விடுமுறைக்கு முன்னால், விருந்தினர் வரும் காலத்தில், கிரேடர் வந்து சாலையைச் சீவிவிட்டுப் போகும். நவம்பரில் பூங்காவை மூடிவிட்டால் பிறகு பார்க்க ஆள் வராது, திறக்கப்போகும் நேரத்தில்தான் மறுபடி வரும். மழை வலுத்துச் சாலை அறுத்துக்கொண்டு போவதும், காய்ச்சல் வருவதும், பிரசவம் ஆவதும், பள்ளி திறப்பதும் நடுவில் உள்ள அந்த மாதங்களில்தான். 2006 டிசம்பரில் ஜொகூரில் பெரிய வெள்ளம் வந்ததே, அந்தக் காலத்தைப் பற்றியும் ஏதோ சொல்ல வந்தார், வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழுதது, எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். சாலை என்று நீங்கள் சொல்வது எங்களை மாதிரி விருந்தினர் உள்ளே வரும் வழியை. அவர்கள் சொல்வது வெளியே போகும் வழியை. எனக்கே அது அந்தத் திண்ணையில்தான் உறைத்தது, அதுவும் தோட்டத்தில் பிறந்த எனக்கு. வெட்கமாகத்தான் இருக்கிறது.

தார் வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை, சொல்லப்போனால் நீங்களும் இல்லை. ஊர்த் தலைவரான பாத்தினையும் ஊரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். இரவில் பூட்டும் வாசலோடு, வேகத் தடையோடு, ஏற்றங்களில் மட்டும் சிமெண்டுப் பட்டை போடலாம் என்று மாமா சொல்கிறார், இரண்டு சக்கரத்துக்கு இரண்டு பட்டை. தோட்டங்களில் அப்படிச் செய்திருக்கிறார்களாம். அது ஒரு வழி, ஊரார் இன்னும் நல்ல வழி வைத்திருக்கலாம். ஆனால் தார் பற்றிய முடிவுக்குக் காத்திருக்காமல் இந்த வருடமே செய்யக்கூடியது இருக்கிறது. பூங்கா மூடியிருக்கும் மாதங்களில் ஒரு டிராக்டரும், அதற்கு எண்ணெயும், கயிறும் பேத்தாவிலேயே இருக்கட்டும், ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், சம்பளம் கொடுங்கள். குழாய் வாய்களைத் தோண்டிவிடவும் அவர்களையே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மழைக்கு முன்னால் ஒரு முறை, மழைக்கு நடுவில் வாரம் ஒரு முறை. எங்கேயோ இருந்து ஒப்பந்தக்காரரைக் கூட்டிவந்து வருடத்துக்கு இரண்டு தடவை சீவுவதைவிட இது மலிவாகத்தான் முடியும் என்று நினைக்கிறேன். கஹாங் சந்திப்பில் ஒரு பலகை வையுங்கள், இன்றைக்குச் சாலை திறந்திருக்கிறதா, எந்த வண்டி போகலாம். தொலைபேசியில் "ஓகே லா" சொல்லும் அந்த நண்பர் பணம் வாங்குவதற்கு முன்னால் அந்தப் பலகையைப் படித்துச் சொல்லட்டும்.

எழுதி என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1977-ல் பகாங் மாநிலப் பக்கத்தில் இந்தக் காட்டின் நடுப்பகுதியை வெட்ட உரிமம் கொடுத்தார்கள். அன்றைக்குக் கைத்தொலைபேசியும் இல்லை, இந்த மாதிரி எழுதிப் போட இடமும் இல்லை. இயற்கை ஆர்வலர்கள் கூட்டம் போட்டார்கள், சாதாரண மக்கள் செய்தித்தாள்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள், நாடு முழுவதும் பேச்சானது, கடைசியில் வெட்டு நின்றது. ஜொகூர் பகுதி பூங்காவாக அரசிதழில் வர 1993 ஆயிற்று, அது வேறு கதை. ஆனால் இன்றைக்கு நீங்கள் வாசல் வைத்துக் கட்டணம் வாங்கும் காடு, கொஞ்சம் அந்தக் கடிதங்களாலும் நிற்கிறது.

போகலாமா என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு: போகலாம், போங்கள், அந்தத் தண்ணீரையும் அந்த விசிறிப் பனையையும் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். உங்கள் மைவி மாதிரிச் சின்னக் காரில் போகாதீர்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் ஒரு நாள் தள்ளிப் போங்கள். அட்டைக்குப் பயந்தால் உப்பு வேண்டாம், நீளக் காலுறை போதும். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். தெப்பக்காரர் இறங்கு என்றால் எதற்கு என்று கேட்காமல் இறங்குங்கள், அவர் இன்றைக்கு வேண்டாம் என்றால் சரி என்று சொல்லி, கொடுக்க நினைத்த காசைக் கொடுத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன், மலாயில் வந்தாலும் சரி. எப்படியும் மழை முடிந்து நீங்கள் வாசலைத் திறந்ததும் பேத்தாவுக்குத்தான் போகிறோம், பெரியவர் பாதியில் விட்ட கதை பாக்கி இருக்கிறது. மாமாவும் வருகிறார். வண்டியின் பின்னால் மண்வெட்டிக்கு இடம் இருக்குமா என்று நேற்று கேட்டார்.